எலுமிச்சைச் சந்தையில் வட்டிக்காரர்கள் மறைந்த வருஷம்

மலையடிவாரத்து எலுமிச்சைச் சந்தையில் வட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த வருஷத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும், பழம் அந்த வருஷம் என்ன விலைக்குப் போனது, கேரளத்து லாரிகள் எந்தத் தெரு வரைக்கும் வரிசை கட்டி நின்றன என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான், இடையில் ஒரு மழை பெய்ததைச் சொல்வதைப் போல அதைச் சொல்வார்கள்.

சித்திரை மாதத்து நடுப்பகலில் தாலுகா ஆபீசிலிருந்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்தைக்குள் வந்தது. கடன் கொடுப்போர் கவனத்துக்கு, ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் வட்டி வாங்குவது சட்டப்படி குற்றம் என்று சளி பிடித்த குரல் ஒன்று அதிலிருந்து வாசித்துக்கொண்டே போனது. அது புதிய ஆட்டோவும் இல்லை, புதிய சட்டமும் இல்லை. எங்கோ ஓர் ஊரில் வட்டி தாளாமல் ஒரு குடும்பம் விஷம் குடித்த செய்தி பேப்பரில் வந்தால் அடுத்த வாரம் அந்த ஆட்டோ வரும், சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டும், நோட்டீசின் மேல் யாருக்காவது கண்ணீர் அஞ்சலி ஒட்டப்படும், கண்ணீர் அஞ்சலியின் மேல் பூப்புனித நீராட்டு விழா ஒட்டப்படும். ஆனால் அந்தத் தடவை, அதே மத்தியானம், போலீசும் சாட்சியும் கோர்ட்டும் இல்லாமல் சட்டம் தானாகவே நடக்கத் தொடங்கிவிட்டது. ஏன் அந்தத் தடவை மட்டும் என்று யாரும் பெரிதாகத் தோண்டிப் பார்க்கவில்லை. ஏலம் கூவுகிற நேரம் அது.

முதலில் மறைந்தவன் தளவாய். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் ஏறுகிற மீட்டர் வட்டிக்குத் தன்னிடம் கடன் வாங்கியிருந்த டீ மாஸ்டரிடமே டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான் அவன். மாஸ்டர் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது, கண்ணாடி டம்ளர் மட்டும் அந்தரத்தில் எழும்பிச் சாய்ந்து, குறைந்து, மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எத்தனையோ பார்த்துவிட்ட மாஸ்டர் அந்த டீயையும் தளவாய் பற்றில் எழுதிவிட்டு அடுத்த டம்ளரைக் கழுவினார்.

வாரம் கழிவதற்குள் எல்லாருக்கும் விவரம் பிடிபட்டுவிட்டது. சட்டம் சொன்ன அளவுக்கு மேல் யாரிடம் வட்டி வாங்கினார்களோ அவர் கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் வட்டிக்காரர் கிடையாது. மற்றவர்களுக்கு வழக்கம்போல உண்டு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வாங்குகிற பால் சொசைட்டி வாத்தியார் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தார், அதனாலேயே அவர் வாசலில் கூட்டம் நின்றது. பத்து வட்டி வாங்கியவர்கள் பத்துப் பேர் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும், கடன் வாங்கினவனுக்கு ஏதோ ஒரு பக்கமிருந்து காற்றடிப்பதாகத்தான் தோன்றியது. அடியாள் வைத்து வசூலித்துப் பார்த்தார்கள். அதிகப்படிப் பணம் கையில் விழுந்ததும் கொடுத்தவன் கண்ணுக்கு அடியாளும் மறைந்தான், வீட்டில் அவன் பெண்டாட்டி வட்டிக்காரரிடம் கடன் வாங்காதவள் என்பதால் அவளுக்குத் தெரிந்தான்.

ஊர் இதற்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. கல்யாணப் பத்திரிகையை வட்டிக்காரர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, பார்க்காமலேயே கும்பிட்டுப் போனார்கள். ஏலத்தில் ஆளுக்கு ஆள் நடுவே கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். மருமகள் ஒருத்தி, வேண்டுமென்றே மாமியாரிடம் இருபது வட்டிக்கு ஐந்நூறு ரூபாய் கடன் வாங்கி, முதல் மாத வட்டியைச் சுளையாகக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து நிம்மதியாகச் சமைத்தாள். அதைக் கேள்விப்பட்டு மற்ற மருமகள்களும் மாமியார்களிடம் கடன் கேட்கத் தொடங்கியதும், மாமியார்கள் உஷாராகி வட்டியில்லாமலே பணம் கொடுத்தார்கள்.

எல்லாருக்கும் நடுவில் கொழித்தவன் மூட்டை தூக்குகிற மாசானம். சந்தையில் யாருக்கும் எதுவும் தர வேண்டியிராத ஒரே ஆள் அவன்தான். நாணயஸ்தன் என்பதால் இல்லை, திருப்பித் தரமாட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்து ஒருவரும் கொடுக்காததால். அவனுக்கு எல்லா வட்டிக்காரரும் தெரிந்தார்கள். ஒரு பேச்சுக்கு ஐந்து ரூபாய் என்று அவன் கூலி பேசிக்கொண்டு இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொன்னான்.

தளவாய் அவனைக் கூட்டிக்கொண்டு, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரான அருணாசலம் வீட்டுக்குப் போனான். அருணாசலமும் தளவாயிடம் வாங்கியவர்தான்.

"இது வயித்துப்பாட்டுக்குக் கடன் வாங்கினவனுக்குள்ள சட்டம்னு சொல்லுதாவ," என்றான் மாசானம். "யாவாரத்துக்கு வாங்கினவன் அதை வச்சு லாபம் பாக்கான்லா, அவன்கிட்ட வாங்குததுக்கு என்ன அளவுன்னு கேக்காவ."

அருணாசலம் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "யாவாரக் கடனுக்கு அங்கங்க சந்து பொந்து உண்டு தளவாய், இல்லன்னு நான் சொல்லல. வக்கீல் வச்சா வளைஞ்சு வளைஞ்சு போயிரலாம். ஆனா உன்னை மறைச்சது எதுன்னு தெரியலையே, அது அந்தச் சந்துக்குள்ள எல்லாம் நுழைஞ்சு பாக்கல போலுக்கு. லாரி வாடகைக்கு வாங்கினவனுக்கும் நீ தெரியல, ஆஸ்பத்திரிக்கு வாங்கின எனக்கும் தெரியல. ஏல மாசானம், ஆளு எங்கன இருக்கான், இடது பக்கமா?"

"இல்ல, உங்க காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்காவ."

அருணாசலம் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

இவர்கள் எல்லாரையும் விட அதிகமாக மறைந்துபோனவள் முப்பிடாதி. அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். எலுமிச்சை லோடோடு கேரளம் போன புருஷன் திரும்பி வராமல் அவன் உயிருக்கு உண்டான நஷ்டஈடு மட்டும் வந்தபோது, அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் ஒருவருக்குக் கொடுத்து, பிறகு பத்துப் பேருக்குக் கொடுத்து, கடைசியில் தெருவிலும் சந்தையிலும் அவளிடம் வாங்காத வீடே இல்லை என்று ஆகியிருந்தது. நூற்றுக்கு மாதம் பத்து. அதனால் பால்காரனுக்கு அவள் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை, கோயிலில் பூசாரி அவளைத் தாண்டி அடுத்தவளுக்குத் திருநீறு போட்டுக்கொண்டு போனார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பேச்சு கேட்க வேண்டும் என்று தோன்றினால் பஸ் ஏறி அடுத்த ஊர் வரைக்கும் போவாள். வெளியூர்க்காரனான கண்டக்டர் "எங்க போணும்?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பான், அவள் ஊர் பெயரைச் சொல்லுவாள், இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். அந்தக் கண்டக்டரும் அதையே கேட்பான்.

ஆனால் அவளுக்கு அதெல்லாம் பெரிய குறையாகப் படவில்லை, மூன்று மணி ஒன்றைத் தவிர.

சந்தையின் கடைசி வரிசையில் பூலுடையார் கடை. எலுமிச்சை மொத்த வியாபாரம், முன்பக்கம் சில்லறையும் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடை போட அவளிடம் இருபதாயிரம் வாங்கியவர். தினம் எழுபது ரூபாய் வட்டி. தினமும் மூன்று மணிக்கு அவள் போவாள், அவர் எழுந்து நின்று, "வாங்க மதினி, உக்காருங்க" என்று ஒரு மர ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போடுவார், நல்ல பழமாகப் பார்த்து ஒன்றை நறுக்கி, கிளாசில் பிழிந்து, உப்புப் போட்டுக் கலக்கிக் கையில் கொடுப்பார். உப்பு எப்போதும் ஒரு பங்கு கூடத்தான் இருக்கும். அவருக்கு அதுதான் ருசி போல என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு சொட்டு விடாமல் குடிப்பாள், வீட்டில் தனக்குப் போடும்போதும் அதே உப்புப் போட்டுப் பழகியிருந்தாள். அவர் மழையைப் பற்றிப் பேசுவார், விலையைப் பற்றிப் பேசுவார், அவள் தலையாட்டுவாள். ஒரு கிளாஸ் குடித்து முடிகிற நேரம். நாள் முழுக்க அவளிடம் மனுஷப் பேச்சு என்று நடந்தது அவ்வளவுதான்.

ஒரு கோடையில், நல்ல விலை கிடைத்து, பூலுடையார் இருபதாயிரத்தையும் மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் பையைத் தொடவில்லை. "முதல் உங்ககிட்டயே கிடக்கட்டும், மழைக்காலத்துல உதவும்" என்றாள். வட்டிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். முதலைத் திருப்பி வாங்கினால் வட்டி நின்றுபோகும். பூலுடையார் பையை எடுத்துக்கொண்டு போனார். அவள் சொன்னது வட்டிக்காக இல்லை, ஸ்டூலுக்காக என்பதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அப்படியொரு காரணத்தை.

ஆட்டோ வந்துபோன மறுநாள் மூன்று மணிக்கும் அவள் போனாள். பூலுடையார் எழுந்து நின்றார், ஆனால் அவளைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சந்தைப் பேச்சு நினைவுக்கு வந்தவராக, ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போட்டு, பழம் பிழிந்து, கிளாசை ஸ்டூலின் பக்கத்தில் வைத்து, எழுபது ரூபாயைக் கிளாசின் அடியில் சொருகினார். அவள் குடித்தாள். பணத்தையும் எடுத்துக்கொண்டாள். வழியில் போன மாசானத்தைக் கூப்பிட்டு ஐந்து ரூபாய் கொடுத்து, வந்திருக்கேன்னு சொல்லு என்றாள்.

"மதினி வந்திருக்காவ, ஸ்டூல்லதான் இருக்காவ," என்றான் மாசானம்.

"வாங்க மதினி," என்று பூலுடையார் பழக்கூடை ஒன்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

கூடையைப் பார்த்துச் சொன்னாலும் சொன்னாரே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நாட்கள் போகப் போக ஊர் தைரியப்பட்டது. ஒருவர் நிறுத்தினார், இருவர் நிறுத்தினார்கள், கேட்க ஆளில்லை என்று ஆனதும் சந்தையே வட்டி கொடுப்பதை நிறுத்தியது. பூலுடையாரும் ஒரு நாள் எழுபதை வைக்கவில்லை. அடுத்த நாள் கிளாசை வைக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஸ்டூலின் மேல் ஒரு கூடைப் பழத்தைத் தூக்கி வைத்தார். முப்பிடாதி சாக்கு அடுக்கின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பணம் வராதது அவளை உறுத்தவே இல்லை. கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவர் விசிலடிப்பதை முதன்முதலாகக் கேட்டாள். பழம் தரம் பிரித்துக்கொண்டே, தலையைச் சாய்த்து, எந்தப் பாட்டிலும் சேராத ஏதோ ஒன்றை இழுத்து இழுத்து, மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வருவதைப் போல அடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் தினமும் பார்த்த மனுஷருக்கு இப்படி ஒரு வித்தை தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. மறுநாளும் போய்க் கேட்டாள். அதற்கு மறுநாளும். சில்லறை வாங்க வருகிறவர்களுக்கு எடை போட்டு முடித்ததும், விசிலை நிறுத்தாமலேயே, கொசுறாக இன்னொரு பழத்தை எடுத்துப் பைக்குள் போடுவார். அந்தச் சந்தையில் கொசுறு போடாமல் யாரையும் அனுப்புவதில்லை. வட்டிக்காரர்களுக்கு மட்டும் கொசுறு கிடையாது, அவர்கள் காசு கொடுத்து எதையும் வாங்கினதில்லை, போகிற போக்கில் அள்ளிக்கொண்டு போனவர்கள்.

டீ மாஸ்டர் ஒரு நாள் கடைக்கு வந்தவர், "ஏன்வே, பயமில்லாம விசிலடிக்கீரு, அந்தம்மா இங்கனயே இருந்தா?" என்று கேட்டார்.

பூலுடையார் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவள் பார்த்திராததுதான்.

"பயந்த பயம் போதும் வே. ஒம்போது வருசமா மூணு மணி ஆனா யாவாரமே ஓடாது எனக்கு. இந்தக் கிளாசைப் பிடிச்சா கை நடுங்கும், உப்பு அது பாட்டுக்குக் கொட்டிரும். கொட்டினதைத் திரும்ப எடுக்க முடியுமா? கலக்கிக் கொடுத்துட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பேன், துப்பிருவாளோ, திட்டுவாளோன்னு. ஒரு நாளாவது உப்புக் கூடிப்போச்சுன்னு அவ சொன்னதில்ல பாத்துக்கிடும். கல்லு மாதிரி உக்காந்து குடிச்சுட்டுப் போவா."

சாக்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்த முப்பிடாதி எழுந்து வீட்டுக்குப் போனாள். பழம் ஒன்றை நறுக்கி, உப்பே போடாமல் பிழிந்து குடித்துப் பார்த்தாள். அது என்ன ருசி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவள் போயிருக்க வேண்டாம், ஆனாலும் போனாள். பழத்தோல் வழுக்கிக் கடைக்கு நேர் முன்னால் விழுந்தாள். மூட்டு பிசகிவிட்டது. சந்தை அவளைச் சுற்றிப் போனது, அவள் மேல் போனது; கைவண்டி ஒன்று அவள் விரல்களைத் தொட்டுக்கொண்டு உருண்டது. எலேய், எலேய் என்று அவள் கத்தினாள். பூலுடையார் விசிலடித்துக்கொண்டே ஒரு கூடையைத் தூக்கிவந்தவர், காலில் தட்டுப்பட்டது ஏதோ சாக்கு என்று நினைத்து அவளைத் தாண்டிக் கால் வைத்துப் போனார். கடைசியில் மாசானம்தான் வந்து தோளில் கை கொடுத்துத் தூக்கினான். அன்று ஐந்து ரூபாய் கேட்கவில்லை.

"மதினி, ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது," என்றான், அவளை நடத்திக் கூட்டிப் போகும்போது. "நாளைக்கே நீங்க செத்துப் போறியன்னு வைங்க. எனக்குத் தெரியும், நான் வந்திருவேன். ஆனா நான் ஒருத்தன் எப்படித் தூக்குவேன்? நாலு பேரு வேணும்லா? மிச்ச மூணு பேருக்கு எங்க போவேன், ஊருல எல்லாரும் உங்ககிட்ட வாங்கினவன்தானே?"

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும், "நீ போயி அருணாசலத்தைக் கூட்டிட்டு வா" என்றாள்.

அருணாசலம் வேறு தெரு, தளவாயிடம் மட்டும் வாங்கியவர், அதனால் அவளைப் பார்த்தே பேசினார். ஒவ்வொரு கடனாகக் கேட்டு, பேப்பரில் போட்டு, சட்டப்படி எவ்வளவு, வாங்கினது எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தவர், பூலுடையார் பெயர் வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"இந்தக் கடன் முதல் வருசம் முடியுமுன்னயே செத்துப்போச்சும்மா. அதுக்குப் பொறவு நீங்க வாங்கினது பூராவும் அவருக்கு நீங்க தரவேண்டியது. ரெண்டு லட்சம் வருது. குடுத்தீங்கன்னா தெரிவீங்க. கணக்கும் தீர்ந்துரும், அதுக்கப்புறம் அவரு உங்களைத் தேடவும் வேண்டாம், நீங்க அவரைத் தேடவும் வேண்டாம்."

"தேடவும் வேண்டாம்," என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

"ஆமா. விட்டுது தொல்லை."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். கடன் இருக்கும் வரைக்கும் அந்தக் கடைக்குப் போக அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, ஆனால் பூலுடையார் கண்ணுக்குத் தெரியமாட்டாள். கடனைத் தீர்த்தால் தெரிவாள், போகக் காரணம் இருக்காது. வேறு எவ்வளவோ கணக்கை மனசாலேயே போட்ட அவளுக்கு இந்த ஒன்று மட்டும் எந்தப் பக்கமிருந்து போட்டாலும் வரவில்லை.

மற்றவர்களுக்கு முதலில் தீர்த்தாள். நகையை விற்றாள், வீட்டின் பின்பாதியை விற்றாள். பணத்தை மாசானம் கொண்டுபோய்க் கொடுக்கக் கொடுக்க, அவள் ஊருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். பால்காரன் ஒரு நாள் காலையில் அலறிச் சைக்கிளைச் சாய்த்தான். அவன் பெண்டாட்டிக்குத் தனிக்கடன் இருந்ததால் அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் தெரியவில்லை, புருஷன் காற்றோடு பேசுகிறான் என்று அவள் வேப்பிலை அடிக்க ஏற்பாடு செய்தாள். பூசாரி திருநீற்றுத் தட்டோடு அவள் முன்னால் வந்து நின்று, "இளைச்சுப் போயிட்டியளே முப்பிடாதி" என்றார். பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டு அவள் நெற்றியைக் காட்டினாள். மற்ற வட்டிக்காரர்களில் சிலர் அவளைப் பார்த்து அதே போலச் செய்தார்கள், சிலர் ஊரை விட்டுப் போனார்கள். தளவாய் மட்டும் கடைசி வரைக்கும் ஒரு பைசாவைத் திருப்பவில்லை. அவன் எப்போது இறந்தான் என்பது ஊருக்குச் சரியாகத் தெரியாது. மாசானம் சொன்ன நாளைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் பூலுடையார் ஒருவர்தான் மிச்சம். பணம் தயாராக வீட்டில் இருந்தது. அவள் அதைக் கொடுக்காமல், தினமும் மூன்று மணிக்குப் போய் சாக்கு ஓரத்தில் உட்கார்ந்து விசிலைக் கேட்டுவிட்டு வந்தாள். ஆடி மாதத்துச் சாரல் காற்று வந்து போனது. நாளைக்குக் கொடுப்போம் என்று சொல்லிக்கொள்வாள். மறுநாள் அந்த விசில் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒரு நாள் மாசானம் கடை வாசலில் நின்று, சாக்கு ஓரத்தைப் பார்த்து, "என்ன மதினி, இன்னைக்கும் கச்சேரியா?" என்றான்.

பூலுடையாரின் விசில் அந்த நொடியே நின்றது. "அவ இங்கனயா இருக்கா?" என்று கேட்டார். கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்து, ஸ்டூலின் மேலிருந்த கூடையை அவசரமாக இறக்கி, துண்டைத் தேடினார்.

அந்தத் துண்டைத் தேடுகிற கையை அவள் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தது. தனக்காகப் போடப்பட்ட ஸ்டூலை ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எதிர்ப்பக்கமிருந்து பார்த்தவள், எழுந்து வீட்டுக்குப் போய், பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஈரமாகக் கவிழ்த்து வைத்திருந்த அந்தப் பழைய கிளாசை நிமிர்த்தி, மேஜையில், அவர் எழுபதைச் சொருகி வைப்பாரே அதே போல, பணக்கட்டை அதன் அடியில் வைத்தாள்.

பூலுடையார் கிளாசைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். அதை மெதுவாக உருவிக் கையில் எடுத்தார், எடுத்ததும் எதிரே நரைத்த தலையும் பிசகின மூட்டுமாக, கழுத்தில் நகையில்லாமல் ஒரு பெண்பிள்ளை நிற்பது தெரிந்தது.

"வாங்க மதினி," என்றார். பழக்கம். "உக்காருங்க."

"இல்ல," என்றாள் அவள். "ரெண்டு லட்சம் இருக்கு. உங்களுக்கு உள்ளது. அருணாசலத்தைக் கேட்டுக்கிடுங்க. கணக்குத் தீர்ந்துபோச்சு."

அவர் பணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே இதில் கண்ணி என்று தேடுகிற பார்வை அது. அவள் போகத் திரும்பினாள், திரும்பியவள் நின்று, முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து, "அரைக் கிலோ பழம் போடுங்க" என்றாள்.

பூலுடையார் தராசைப் பிடித்தார். எடை போட்டார். எடைக்கு மேலே ஒரு பழம் போட்டார், இன்னொன்று போட்டார், அப்புறம் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார், பை நிறைந்து வாய்மூட முடியாமல் போயிற்று. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதிகமாக விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் திருப்பி வைத்துவிட்டு, சரியான காசை வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு போனாள். தெருமுனை வரைக்கும் காதைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். விசில் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் அரைக் கிலோ வாங்கப் போனாள். ஒரு பொம்பளைக்கு வாரத்துக்கு அரைக் கிலோ எலுமிச்சை எதற்கு என்று மாசானம் கேட்டான், ஊறுகாய் என்றாள். அவளைக் கண்டதும் விசில் நிற்கும், கை நிறையக் கொசுறு விழும், அவள் பொறுக்கித் திருப்பி வைப்பாள். ஐப்பசி மழை வந்தது, பழம் விலை ஏறியது, ஊறுகாய் ஜாடிகள் பாதி வீட்டை அடைத்தன. கொசுறு ஐந்தாகக் குறைந்தது, பிறகு மூன்றாகக் குறைந்தது. தை பிறந்து வெயில் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டம். அவள் வரிசையில் நின்று காசை நீட்டினாள். பூலுடையார் விசிலடித்துக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே அடித்தார், எடை போட்டார், எல்லாருக்கும் போடுவதைப் போல ஒரு பழத்தை எடுத்து மேலே போட்டார், பையை நீட்டிவிட்டு அடுத்தவரிடம் "உங்களுக்கு எவ்வளவு?" என்றார்.

முப்பிடாதி அந்த ஒன்றைத் திருப்பி வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, பையைத் தரையில் கொட்டினாள். எது காசுக்கு வந்தது, எது சும்மா வந்தது என்று பார்த்தால் தெரியவில்லை, எல்லாம் ஒரே மஞ்சள். கேட்டுச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ஒன்றைக் கையில் எடுத்து, இதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அறுக்காமல், ஜாடிகளுக்கு நடுவே தனியாக ஜன்னலில் வைத்தாள். பிறகு சமையல்கட்டில் பானையைக் கழுவத் தொடங்கியவள், உதட்டைக் குவித்து, யாரும் கேட்காத அந்த வீட்டில், வராத ஒரு விசிலை அடித்துப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.